பத்து கிலோ கேழ்வரகு, முளைமாவாகும் வரை

கால் லிட்டர் தண்ணீரில் 25 கிராம் சாதாரணக் கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி இறங்கும் கூழ் கிடைக்கும். அதே கால் லிட்டரில், ஒழுங்காக முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவை 50 கிராம் போட்டாலும் டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். முதலாவதில் இருப்பது சுமார் 80 கலோரி, இரண்டாவதில் 160. எட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லி, மிஞ்சிப்போனால் 250 மில்லிதான் கொள்ளும். பல் இல்லாத பெரியவர்களுக்கும், காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களுக்கும் இதே கணக்குத்தான். வீட்டில் கேழ்வரகு விளைந்தும் குழந்தை எடை ஏறாமல் இருப்பதற்கு ஒரு காரணம், கஞ்சி குடிக்கும் பதத்துக்கு வர வேண்டும் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவது.

முளைக்கும் தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது. காய்ச்சும்போது அது மாவுப்பொருளின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடுவதால் கஞ்சி கெட்டிப்படாமல் இளகுகிறது. தானியத்தின் கால்சியத்தையும் இரும்பையும் உடம்பு எடுக்கவிடாமல் பிடித்துவைத்திருக்கும் பைட்டேட்டும் முளைக்கும்போது குறைகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பது எல்லோரும் சொல்வது. அதில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்பதை முளைகட்டுதல் மாற்றுகிறது. இந்த நொதியை உண்டாக்குவது சுலபம். காயவைத்து, வறுத்து, அரைத்து, கடைசியில் அடுப்பில் ஏற்றும் வரை அதைச் சாகாமல் கொண்டுபோவதில்தான் வேலை இருக்கிறது. கீழே உள்ளது 10 கிலோ கேழ்வரகுக்கான ஒரு சுற்று.

முளைப்புச் சோதனை

100 மணியை எண்ணி, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். 85-க்கு மேல் முளைத்தால் எடுக்கலாம். அதற்குக் கீழே போனால் அந்தத் தானியம் களிக்கும் அடைக்கும் போகட்டும். முளைக்காத மணிதான் ஈரத்தில் முதலில் பூஞ்சை பிடித்து, பக்கத்து மணிக்கும் பரப்பும். கடையில் பளபளவென்று தீட்டி விற்கிற கேழ்வரகு பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். அதையும் முளைகட்டலாம், ஆனால் ஒவ்வொரு மாதமும் சோதித்த பிறகே. புது அறுவடைத் தானியம் சில வேளை மந்தமாக முளைக்கும். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் சரியாகிவிடும்.

விதைப்புக்கு என்று மருந்து தடவிய விதையில் மிச்சம் இருந்தால் அதை எந்தக் காரணத்துக்காகவும் இதில் சேர்க்கக் கூடாது. எத்தனை தண்ணீரில் கழுவினாலும் அது சாப்பாட்டுக்கு ஆகாது.

ஊறல்

முறத்தில் புடைத்து உமியும் தூசும் போக்கி, கல்லும் மண்ணும் அரித்து எடுக்க வேண்டும். கேழ்வரகில் மணல் சேர்வது களத்துச் சாண மெழுக்கிலிருந்து. இந்த இடத்தில் அவசரப்பட்டால் கடைசிக் கஞ்சி வரை நறநறக்கும். அகலக் குண்டானில் போட்டு நீர் ஊற்றிக் கலக்கி, மிதப்பதை வழித்து எறிந்து, தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை கழுவிய பிறகு 25 லிட்டர் தண்ணீரில் ஊறவிடலாம்.

ஊறல் 12 மணி நேரம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் தண்ணீர் நுரைத்துப் புளிப்பு வாடை அடிக்கும், மணி மூச்சுமுட்டி முளைப்பு பாதியாகிவிடும். எப்போது ஊறப்போடுவது என்பதைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும், ஏனென்றால் முளை முடிகிற நேரம் காலை ஆறு மணியாக விழுந்தால்தான் முழு வெயில் கிடைக்கும். சித்திரை, வைகாசிச் சூட்டில் முளைக்க 36 மணி நேரம் போதும்: காலை 6 மணிக்கு ஊறப்போட்டு, மாலை 6-க்கு வடித்துக் கட்டினால் மூன்றாம் நாள் காலையில் தயார். தை மாதக் குளிரில், அதுவும் ஓசூர், தளிப் பக்கத்தில், 48 மணி நேரம் பிடிக்கும்: மாலை 6-க்கு ஊறப்போட்டு மறுநாள் காலை வடிக்க வேண்டும். இந்தக் கணக்கு தப்பி, முளை மாலையில் முடிந்துவிட்டால் ராத்திரி முழுக்க அது வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த வளர்ச்சிக்குத் தீனி தானியத்துக்குள் இருக்கும் மாவுதான்.

முளை

வடித்த 10 கிலோ இப்போது 14 கிலோ அளவுக்கு இருக்கும். ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. முளைக்கும் தானியம் சூடு விடும்; பெரிய மூட்டையின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் மணி வெந்துபோகும், பூஞ்சைக்கும் அந்த இடம்தான் பிடிக்கும். ஈர வெள்ளைத் துணி விரித்த மூங்கில் கூடைகளில் நாலு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மேலே இன்னொரு ஈரத் துணி போட்டு, நிழலில் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். பழைய உரச்சாக்கும் தீவனச்சாக்கும் வேண்டாம்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை துணியைத் திறந்து கையை நடுவில் விட்டுப் பார்க்க வேண்டும். காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டால் உடனே கிளறி, இன்னும் மெலிதாகப் பரப்ப வேண்டும். உலர்ந்திருந்தால் தண்ணீர் தெளிக்கலாம். கூடையின் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டாம் நாளில் வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய்போல ஆகும், அதைக் கையால் மெதுவாகப் பிரித்துவிட வேண்டும்.

வேர் முக்கால் முதல் ஒரு சென்டிமீட்டர் நீளம் வந்து, குருத்து மணியை விட்டு எட்டிப் பார்க்கும்போது நிறுத்த வேண்டும். வேர் வெள்ளையாக, வாடை பச்சைக் கீரையை நறுக்கியதுபோல இருக்கும். 48 மணி நேரத்தையும் தாண்டித் தள்ளினால் நொதி இன்னும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் எடை இழப்பும் கசப்பும் பூஞ்சை அபாயமும் சேர்ந்தே கூடும். வீட்டு வேலைக்கு 36 முதல் 48 மணி நேரமே சரி.

சாம்பல் நிற நூல், பச்சையோ கறுப்போ ஆன புள்ளி, பழைய சாக்கு வாடை, இவற்றில் எது வந்தாலும் அந்தக் கூடையை முழுசாகக் கொட்டிப் புதைக்க வேண்டும். மேலாகப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்பது தப்பு. பூஞ்சை விடும் நஞ்சு காய்ச்சினாலும் வறுத்தாலும் போகாது. மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போட வேண்டாம்.

இதே முறையை அப்படியே சோளத்துக்கு எடுத்துப் போகக் கூடாது. சோள முளையின் குருத்திலும் வேரிலும் சயனைடு விடும் பொருள் உண்டு. அவற்றை முற்றிலும் நீக்காமல் மாவாக்குவது ஆபத்து. கேழ்வரகில் அந்தத் தொல்லை இல்லை.

காயவைத்தல்

கெட்டுப்போகும் சுற்றுகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன. கயிற்றுக் கட்டில் ஒன்று, ஆறடிக்கு மூன்றடி. அதன்மேல் நைலான் கொசுவலை, வலைக்கு மேல் துவைத்த பருத்தி வேட்டி. வெறும் வலை போதாது, கேழ்வரகு கண்ணி வழியே உதிர்ந்துவிடும். கட்டிலில் போடுவதன் பயன், அடியிலும் காற்று ஓடுவது. சிமெண்டுத் தரையில் அடிப்பக்கம் வியர்த்து, மேல்பக்கம் காய்ந்ததுபோல் ஏமாற்றும். தார் ரோட்டில் காயப்போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, அது குழந்தை குடிக்கும் மாவு.

14 கிலோ ஈர முளை ஒரு கட்டிலில் ஒன்றேகால் சென்டிமீட்டர் கனத்துக்குப் பரவும். அதற்கு மேல் கனம் கூடாது. முதல் மூன்று மணி நேரம் முக்கியம்: அதற்குள் மேல் ஈரம் போய் வேர் வாட வேண்டும், வாடினால்தான் வளர்ச்சி நிற்கும். முக்கால் மணிக்கு ஒருமுறை விரல்களால் கோடு இழுத்துக் கிளறிவிட வேண்டும். மாலை நாலரைக்குப் பனி இறங்கும்முன் கூடையில் அள்ளி, உள்ளே வைத்து, துணியால் மூட வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடினால் விடியும்போது அடியில் வியர்வை நிற்கும். தை, மாசி வெயிலில் இரண்டு முழு நாள், சித்திரையில் ஒன்றரை நாள் ஆகும். நடுவில் மேகம் மூடினால் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் பாதிக் கனத்தில் பரப்பி விடிய விடிய ஓடவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

காய்ந்துவிட்டதா என்பதைத் தராசு சொல்லும். 10 கிலோ தானியத்தில் தொடங்கிய முளை, வேரோடு சேர்த்து 9.3 அல்லது 9.4 கிலோவுக்கு இறங்க வேண்டும். அப்போது ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். தராசு இன்னும் 10 கிலோ காட்டினால் ஈரம் 16 சதவீதம் அளவுக்கு மிச்சம் இருக்கிறது, அதை மூட்டை கட்டினால் இரண்டு வாரத்தில் முடைநாற்றம் வரும். தராசு இல்லாத வீட்டில் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணியைப் போட்டு, வறுத்து ஆறவைத்த ஒரு மேசைக்கரண்டிப் பொடி உப்பைச் சேர்த்து ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வைக்கலாம். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டவில்லை என்றால் பல்லில் கடித்துப் பார்க்க வேண்டும்: நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும், கடுக்கென்று உடைந்தால் போதும்.

வேர் நீக்கமும் வறுப்பும்

காய்ந்த முளையைக் கோணியில் போட்டு இரண்டு கையாலும் தேய்த்தால் வேர் பொடிப்பொடியாக உதிரும். முறத்தில் புடைத்தால் 300 முதல் 400 கிராம் வேரும் தூசும் பிரியும். பூஞ்சை இல்லாத சுத்தமான சுற்றாக இருந்தால் அது கோழிக்கு. வேரை விட்டுவிட்டால் மாவு கசக்கும். கையில் மிஞ்சுவது 9 கிலோ.

வறுப்பில்தான் கேழ்வரகின் வாசனைக்கு மயங்கி நொதியைக் கொன்றுவிடுகிறோம். இரும்புச் சட்டியில் ஒரு தடவைக்கு ஒரு கிலோ, மிகச் சின்னத் தீ, ஐந்து நிமிடம், கை நிற்காமல் கிளறல். உள்ளங்கையில் அள்ளினால் பிடித்திருக்க முடியாத சூடு வந்ததும் இறக்கிப் பரப்பிவிட வேண்டும். மணி ஒன்றிரண்டு பொரியும் சத்தம் கேட்டால் தீ எல்லை மீறிவிட்டது. ஈர முளையை நேராகச் சட்டியில் கொட்டிச் சீக்கிரம் காயவைக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். அது தோற்பதற்குக் காரணம் உண்டு: ஈரத்தில் இருக்கும் நொதி சூடு பட்டவுடன் செத்துவிடும், உலர்ந்த மணிக்குள் இருக்கும் நொதி அதே சூட்டைத் தாங்கும். முதலில் வெயில், பிறகு சட்டி. வரிசை மாறக் கூடாது.

மில்

9 கிலோவையும் ஒரே நாளில் அரைக்க வேண்டாம். காய்ந்த முளைத் தானியம் காற்றுப் புகாத தகர டின்னில் மூன்று மாதம் நிற்கும். மாவு ஒரு மாதத்துக்கு மேல் போனால் வாசனை மங்க ஆரம்பிக்கும். மாதம் மூன்று கிலோ என்று அரைப்பது நல்லது. கம்போடு ஒப்பிட்டால் கேழ்வரகு மாவு எவ்வளவோ பரவாயில்லை. கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், அதன் மாவு ஒரு வாரம் பத்து நாளில் காறிப்போகும்.

மில்லில் மிளகாயோ மல்லியோ அரைத்த இயந்திரத்தில் நம்முடையதைப் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல் கொத்திய நாளில் போகவே கூடாது, கல்பொடி மாவில் இறங்கும். முதலில் விழும் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவிடலாம். மாவு சூடாக வரும். வீட்டுக்கு வந்ததும் துணியில் பரப்பி முழுக்க ஆறிய பிறகுதான் டின். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் நீர் முத்து கட்டி, கட்டிபிடித்து, ஒரு வாரத்தில் புழுங்கல் வாடை வரும்.

மாவுச் சல்லடையில் ஒரு தடவை சலித்தால் போதும். வேட்டித் துணியில் இரண்டு மூன்று முறை சலித்து வெள்ளைப் பொடியாக எடுப்பது அழகாக இருக்கிறது, ஆனால் கேழ்வரகின் கால்சியத்தில் பெரும்பங்கு மேல்தோலில் இருக்கிறது. துணியில் நிற்கும் தவிட்டோடு அதுவும் போய்விடுகிறது.

காய்ச்சும் முறை

“முளைமாவுதான் போட்டேன், சாதா மாவுபோலவே கெட்டியாகிவிட்டது” என்பதுதான் அடிக்கடி வரும் குறை. கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் கொதிக்கும் நீரில் மாவைக் கரைத்து ஊற்றியிருப்பார்கள். அமைலேஸ் நன்றாக வேலை செய்யும் சூடு 60 முதல் 70 டிகிரி செல்சியஸ். கொதிநீரில் விழுந்தால் வேலை தொடங்கும்முன் அது அழிந்துவிடுகிறது. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, சின்னத் தீயில் வைத்து, ஆவி எழும் பதத்தில் ஐந்தாறு நிமிடம் நிறுத்திக் கிளறினால் கண்ணெதிரே நடக்கும்: முதலில் கரண்டிக்குப் பின்னால் தடம் விழும் அளவுக்கு இறுகும், பிறகு அந்தத் தடம் மூடிக்கொள்ளும், பிறகு தடமே விழாது. அதன் பிறகு தீயைக் கூட்டி, கொப்புளித்துக் கொதித்து ஐந்து நிமிடம் வேக வேண்டும். கடைசிக் கொதியை விடக் கூடாது. முளைத்த தானியத்தில் கிருமிகளும் பெருகியிருக்கும், வெந்நீரில் கலந்து அப்படியே கொடுப்பது குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே; இந்தக் கஞ்சி அதற்குப் பிறகு.

மாவின் தரத்தைச் சோதிக்கவும் இதைவிட நல்ல வழி இல்லை. சாதா மாவில் கெட்டிக் கூழ் ஒரு கிண்ணம் காய்ச்சி, விரல் வைத்தால் சுரீரென்று சுடும் அளவுக்கு ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி முளைமாவைத் தூவிக் கலக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் கூழ் இளகி ஊற்றும் பதத்துக்கு வந்தால் நொதி உயிரோடு இருக்கிறது. முளைமாவு குறைவாக இருக்கும் வீட்டில் இதையே தினசரி முறையாகவும் வைத்துக்கொள்ளலாம். இளகிய கூழை மறுபடி ஒரு கொதி விட்டால் போதும்.

பாசிப்பயறும் முருங்கையும்

கேழ்வரகின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது நிறைய. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களில் முளைகட்டிய கேழ்வரகையும் பாசிப்பயறையும் சேர்த்துக் குழந்தை உணவு வடிவமைத்தார்கள். வீட்டுக்கு 7 பங்கு கேழ்வரகு, 3 பங்கு பயறு என்ற அளவு நன்றாக ஒத்துவருகிறது. பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, 16 முதல் 20 மணி நேரம் முளைகட்டி, இரண்டு நாள் காயவைத்து, பச்சை வாடை போக வறுத்து, உடைத்துத் தோலைப் புடைத்துவிட்டு அரைக்க வேண்டும். நிலக்கடலையைச் சேர்ப்பதானால் காய்ச்சும்போது பொடித்துச் சேர்ப்பதே மேல், மாவோடு கலந்து வைத்தால் எண்ணெய் சிக்கு வாடை வரும். சொத்தையும் சுருங்கியதும் பொறுக்கி எறிந்த கடலையாக இருக்கட்டும். வெல்லத்தையும் மாவில் கலந்து வைக்க வேண்டாம், ஈரம் இழுக்கும்.

முருங்கைக்கீரையை நிழலில்தான் காயவைக்க வேண்டும். வெயிலில் நிறம் வெளுப்பதோடு வைட்டமின் ஏ தரும் கரோட்டினும் போகும். ஆய்ந்த கீரை ஒரு கிலோவுக்கு கால் கிலோவுக்குள் உலர்ந்து வரும். பொடியைத் தனி டப்பாவில் வெளிச்சம் படாமல் வைத்து, பெரியவர்கள் கஞ்சிக்கு ஒரு தேக்கரண்டி.

எவ்வளவு எடுத்து வைப்பது

சிறு குழந்தையும் வயதானவரும் இருக்கும் வீட்டுக்கு நாளுக்கு 100 கிராம் என்றால் மாதம் மூன்று கிலோ. ஆண்டுக்கு 10 கிலோச் சுற்று நாலு, அதாவது 40 கிலோ தானியம். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அந்த விலையிலும் இந்த 40 கிலோவை விற்றால் கையில் வருவது இரண்டாயிரத்துக்குள். அறுவடை நாளில் களத்திலேயே இதைத் தனி மூட்டையாகக் கட்டிவிடுவது நல்லது, வியாபாரி வண்டி வந்து நின்ற பிறகு கட்டுவது நடப்பதில்லை. முழுத் தானியமாக இருக்கும்வரை கேழ்வரகுக்குக் கவலை இல்லை. மணி மிகச் சிறிது, தோல் இறுக்கம், அந்துப்பூச்சியும் வண்டும் எளிதில் தொடாது. அதனால்தான் பஞ்ச காலத்துக்கு என்று ஆண்டுக்கணக்கில் குதிரில் வைத்தார்கள். முளைத்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஆகவே நாலு சுற்றையும் சேர்த்துச் செய்யாமல், தை, சித்திரை, ஆடி, புரட்டாசி முதல் வாரம் என்று பிரித்துச் செய்ய வேண்டும்.

டின்னின் மேல் அரைத்த தேதியை எழுதி ஒட்டினால் குழப்பம் இல்லை. மாவில் மெல்லிய நூலாம்படைபோலக் கட்டி தெரிந்தால் அந்துப்பூச்சிப் புழு. செம்பழுப்பு நிறத்தில் அரிசி மணியைவிடச் சின்னதாக ஓடினால் மாவு வண்டு. இரண்டுமே பெரும்பாலும் பழைய மாவு மிச்சத்தின்மேல் புது மாவைக் கொட்டும் வீட்டில்தான் வரும். டின்னைக் கழுவி, முழு வெயிலில் ஒரு நாள் காயவைத்த பிறகே அடுத்த மூன்று கிலோ.

ஒரு தேக்கரண்டி தூவிப் பார்க்கும் சோதனையில் கூழை இளக்காத மாவு வந்துவிட்டால், பூஞ்சை வாடை இல்லாதவரை அதை எறிய வேண்டாம். வறுப்பு கூடிப்போன மாவில் நல்ல மணம் இருக்கும். வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டு அடை தட்டலாம், உளுந்து மாவோடு கலந்து தோசை வார்க்கலாம். குழந்தையின் கஞ்சிக்கு மட்டும் அடுத்த சுற்றிலிருந்து எடுக்க வேண்டும்.